பாக்கு டெண்டரில் சுமேதா பிடித்த கோளாறு

இன்று கர்நாடகத்தின் சிர்சியில் சுமேதா பட் என்ற பெயர் தெரியாத பாக்கு வியாபாரி கிடையாது. இரண்டு வருடம் முன்பு, அடுத்த நாற்காலியில் வேலை பார்த்த எனக்கே அவளைச் சரியாகத் தெரியாது.

பாக்கு சங்கத்தின் ரகசிய டெண்டருக்கு எங்கள் சின்னக் கம்பெனி ஒரு வெப்சைட் செய்தது. முழுக்க அவள் எழுதியது. சங்க முற்றத்தில் கொட்டியிருக்கும் பாக்குக் குவியலின் எண்ணைத் திரையில் தொட்டால் சின்னக் கட்டம் திறக்கும். வியாபாரி அதில் மற்றவருக்குத் தெரியாமல் விலை போட வேண்டும். மூன்று மணிக்கு டெண்டர் முடிந்துவிடும். முதல் இரண்டு டெண்டரிலும் வியாபாரிகள் போட்ட விலைகளில் பாதி வந்து சேரவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் பழையபடி காகிதச் சீட்டுதான் என்று சங்க மேனேஜர் சொல்லிவிட்டார்.

"கிழவனுங்க தப்பா அமுக்குறானுங்க," என்றார் எங்கள் முதலாளி. வெட்கமில்லாமல் நானும் தலையாட்டினேன்.

சுமேதா சங்கத்துக்குக் கிளம்பிப் போய், அதிகம் கத்திய வியாபாரி மஞ்சையா ஷெட்டியிடம் கேட்டாள்: "அன்னிக்கு செஞ்சத அப்படியே செஞ்சு காட்டுங்கண்ணா."

அவர் லாகின் செய்தார், கட்டத்தைத் திறந்தார், எழுந்து போய்விட்டார்! முக்கால் மணி நேரம் குவியல் குவியலாகப் பாக்கை வெட்டிக் கடித்துப் பார்த்துவிட்டு வந்து விலையை அடித்தார். விலை காணோம். கட்டத்துக்குள் லாகின் பக்கம் நசுங்கி உட்கார்ந்திருந்தது. அதில் பாஸ்வேர்டு போட்டதும் மொத்த வெப்சைட்டும் கட்டத்துக்குள் வந்தது.

"பாத்தியா தங்கச்சி, வீட்டுக்குள்ள வீடு!"

சுமேதாவுக்கு விஷயம் பிடிபட்டது: அரை மணி நேரம் தொடாமல் இருந்தால் லாகின் காலாவதி. கட்டம் பின்னணியில் விலையை அனுப்ப, சர்வர் "லாகின் பக்கத்துக்குப் போ" என்கிறது. பிரவுசரும் சொன்ன பேச்சு கேட்டு அந்தப் பக்கத்தைக் கட்டத்திலேயே கொட்டுகிறது. ஆபீசில் சோதித்த எங்களில் யார் பாக்கைக் கடித்தோம்?

"நாள் முழுக்க உள்ளயே இருக்கட்டும்னு வெச்சிடேன்," என்றார் முதலாளி.

"சங்கத்துல எல்லாரும் உக்கார்ற கம்ப்யூட்டர் சார். அடுத்தவன் இவர் விலையைப் பாத்திடுவான்."

மாற்றி எழுதினாள். காலாவதியான கட்டத்திலிருந்து விலை வந்தால் சர்வர் இனி லாகின் பக்கத்துக்கு வழி காட்டாது. "நீ உள்ளே இல்லை" என்று மட்டும் சொல்லும். அதைக் கேட்டதும் வெப்சைட், வியாபாரி அடித்த விலையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, திரை முழுக்க லாகினைக் கேட்கும். உள்ளே வந்ததும் அதே விலையைத் தானே அனுப்பும்.

மூன்றாவது டெண்டர். மூன்றுக்குப் பத்து நிமிடம். ஷெட்டி விலை அடித்தார். திரை முழுக்க லாகின். சுமேதா அவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பாஸ்வேர்டு போட்டார்.

"போயிடுச்சு! என் விலை போயிடுச்சு!"

மூன்று மணிக்கு மேனேஜர் எண்ணிப் பார்த்தார். ஒரு விலைகூடத் தவறவில்லை. "இனிமே எல்லா டெண்டரும் இதுலதான்மா," என்றார். சுமேதா குதித்தே விட்டாள். முதலாளி எல்லோருக்கும் கைகொடுக்கக் கிளம்பினார். ஷெட்டி தன் கையை நீட்டவில்லை.

"நான் தப்பா அமுக்கலேன்னு நம்பினது இவ ஒருத்திதான்," என்றார், முற்றம் முழுக்கக் கேட்கும்படி.