வான்காரரின் தம்பி

ஜெர்மனியில் ஒருவர் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்டாரா என்று வெளியாள் கேட்டு அறிய முடியாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

யாழ்ப்பாணத்தில் நான் நீதிமன்றச் செய்தி எழுதியவன். அங்கே எழுதுவினைஞரின் மேசையில் அன்றைய வழக்குக் கட்டுகள் இருக்கும். வணக்கம் சொல்லிவிட்டுப் புரட்டலாம். யார், எந்த ஊர், என்ன குற்றம், முன்பு பிடிபட்டவரா, எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அயல்வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டதற்கு உடனே ஓம் என்றேன்.

அவள் எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்தவள். பான் மாநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரம் எங்களுடையது. முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்தாள். இரண்டு பெண் பிள்ளைகள். சனிக்கிழமைகளில் அவர்கள் அடுத்த நகரத்திலிருந்த தமிழ்ப் பள்ளிக்குப் போனார்கள். தமிழ்ச் சங்கத்துக்குச் சொந்தமான ஒன்பது இருக்கை வான் ஒன்று எங்கள் நகரத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகும். அதை ஓட்டியவரை எல்லாரும் வான்காரர் என்றுதான் சொன்னோம்.

"அண்ணை, நீங்கள் பேப்பரில வேலை செய்தனீங்கள்தானே. ஒண்டு விசாரிச்சுச் சொல்லுவியளோ?"

"என்னத்தை?"

"வான்காரர் குடிச்சுப்போட்டு ஓடிப் பொலிஸிட்ட பிடிபட்டவராம். லைசன்ஸையும் பறிச்சுப் போட்டாங்களாம். கடையில ஆரோ கதைச்சது காதில விழுந்தது. சங்கத்துச் செயலாளரிட்டக் கேட்டன். அது வேற ஆள் எண்டுறார். போன சனி பிள்ளையளை ஏத்தேக்க அவரில கராம்பு மணந்தது. கராம்புக்குக் கீழ வேற மணமும் இருந்தது."

"அப்ப ஏத்தாமல் விடுங்கோவன்."

"எனக்கு லைசன்ஸ் இல்லை. பஸ்ஸெண்டால் ரெண்டு பஸ் மாறோணும், வேலையையும் விடோணும். சும்மா சந்தேகத்தில மறிச்சால் பிள்ளையளுக்குச் சோதினையும் போகும், சனமும் என்னைத்தான் திட்டும். உண்மையெண்டால் ஒரு சனிகூட விடமாட்டன். எனக்கு உண்மை தெரியோணும்."

பிழையில்லாத கேள்வி. பதில் எங்கோ ஒரு கோப்பில் இருந்தது.

முதலில் பொலிஸ் நிலையம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே சொல்: டேட்டன்ஷுட்ஸ். தனிநபர் தகவல் பாதுகாப்பு. அடுத்தது நீதிமன்ற அலுவலகம். அங்கிருந்த பெண் அதே சொல்லைச் சற்று இனிமையாகச் சொன்னார். நான் வழக்கின் தரப்பா? இல்லை. வழக்கறிஞரா? இல்லை. அப்படியென்றால் கோப்பு இல்லை. முதல் தடவை பிடிபடுகிறவர்களுக்குத் தண்டனை பெரும்பாலும் தபாலிலேயே போய்விடும் என்றும் சொன்னார். தபாலைப் பெற்றவர் ஒத்துக்கொண்டால் விசாரணையே நடக்காது, யாருக்கும் தெரியவராது. அவர் தண்டனையை ஆட்சேபித்தால்தான் வழக்கு விசாரணைக்கு வரும். அப்போது யாரும் வந்து உட்காரலாம்.

உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய இதழ்களை நூலகத்தில் புரட்டினேன். பொலிஸ் செய்திப் பத்தியில் ஒவ்வொரு வாரமும் ஒரு குடிகாரச் சாரதி இருந்தார். வயது உண்டு, வீதி உண்டு, பெயர் இல்லை. வளைந்து வளைந்து ஓட்டினார், இரத்தப் பரிசோதனை எடுக்கப்பட்டது, உரிமம் கைப்பற்றப்பட்டது. நாற்பத்துநான்கு வயது ஆண் ஒருவரைப் பற்றி நான்கு வரி இருந்தது. சனிக்கிழமை இரவு, எங்கள் நகரத்துக்கு வரும் மாநில வீதி. அந்த இரவு அந்த வீதியின் மறுமுனையிலிருந்த மண்டபத்தில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. நானும் போயிருந்தேன். மேடையில் பிள்ளைக்கு ஆராத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது ஆண்களில் பாதிப் பேர் வாகனத் தரிப்பிடத்தில், திறந்த டிக்கிகளைச் சுற்றி, பிளாஸ்டிக் கோப்பைகளுடன் நின்றார்கள். எங்கள் விழா எதிலும் அது ஒரு சடங்குதான். அழைப்பிதழில் மட்டும் அச்சிடுவதில்லை. ஆனால் வான்காரரைப் போல நாற்பத்துநான்கு வயதுக்காரர் அந்தத் தரிப்பிடத்தில் பலர். நான்கு வரியை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல என் தொழில் எனக்குக் கற்றுத்தரவில்லை.

வீதிப் போக்குவரத்து வழக்குகளைக் கேட்கும் நீதிபதிக்குப் புதன்கிழமை காலை. அன்றைய வழக்குகளை விசாரணை மண்டபக் கதவின் பக்கத்தில் ஒரு தாளில் ஒட்டுவார்கள், மாலையில் கழற்றிவிடுவார்கள். எனக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. புதன் காலைகளில் போய் அந்தக் கதவடியில் நின்றேன். போனதற்கு உள்ளேயும் உட்கார்ந்தேன்.

அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது. கூரை வேலைக்காரர் ஒருவர், பல் வைத்தியர் ஒருவர், கால்பந்துக் கழகத்துப் பொருளாளர் ஒருவர். எல்லாரும் நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்கள். எல்லாரும் இரண்டே இரண்டு பியர்தான் குடித்திருந்தார்கள். எல்லாருக்கும் வண்டி இல்லாவிட்டால் வாழ்க்கை இல்லை. பல் வைத்தியர் அழுதார். தன் வண்டி தள்ளிவிழுத்திய சைக்கிள்காரப் பெண்ணின் பெயரை அவரால் நினைவுபடுத்த முடியவில்லை. வழக்கறிஞர் குனிந்து சொல்லிக்கொடுத்தார்.

ஒரு புதன்கிழமை அந்தத் தாளில் வான்காரரின் பெயர் இருந்தது. போதையில் வாகனம் ஓட்டியது, பகல் இடைவேளைக்கு முன் கடைசி வழக்கு. அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"நானும் வாறன் அண்ணை. என்ரை காதால கேக்கோணும்."

வேலையுடுப்பின் மேல் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். நடைக்கூடத்தில் சங்கத்துச் செயலாளர் கழுத்துப்பட்டியுடன் நின்றார். அது வேறு ஆள் என்று அவளுக்குச் சொன்ன அதே செயலாளர். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நீங்களும் சப்போட்டுக்கோ வந்தனீங்கள்? நல்லது, நல்லது. சனம் இருந்தால்தான் ஜட்ஜுக்கும் ஒரு மதிப்பு."

அவள் அவரைக் கடந்து நடந்தாள். உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம்.

நீதிபதி நடுத்தர வயதுப் பெண். அரச சட்டத்தரணி, வான்காரரின் வழக்கறிஞர், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். வான்காரர் குடித்ததை மறுக்கவில்லை. தபாலில் வந்த தண்டனையில் அபராதத்தை ஏற்றுக்கொண்டார். உரிமமில்லாமல் பத்து மாதம் இருக்க வேண்டும் என்பதைத்தான் குறைக்கக் கேட்டார். காரணம் கேட்டபோது, அவர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளை ஏத்தி இறக்கிறனான், அம்மா. நான் இல்லாட்டில் அந்தச் சின்னஞ்சிறுசுகள் தாய்மொழி படிக்க ஏலாது."

மொழிபெயர்ப்பாளர் முகத்தை மாற்றாமல் ஜெர்மனில் சொன்னார். அடுத்து வழக்கறிஞர் ஒரு கடிதத்தை நீட்டினார். சங்கத்தின் கடிதத்தலைப்பு, செயலாளரின் கையொப்பம், வட்ட முத்திரை. நீதிபதி சத்தமாக வாசித்தார். இவர் ஒரு தடவை தவறியதை நிர்வாகம் அறியும் என்றும், ஆனாலும் எங்கள் பிள்ளைகளைக் கண்மணிபோல் காப்பவர் என்றும், பெற்றோர் அனைவரும் இவரில் முழு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்றும் அதில் இருந்தது.

பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது. பெற்றோர் அனைவரும் என்ற கணக்கில் அவளும் இருந்தாள்.

எத்தனையோ பொய்ச் சாட்சிகளைக் கேட்டவன் நான். காசுக்கும் பயத்துக்கும் பொய் சொன்னவர்களைக் கண்டிருக்கிறேன். ஒன்பது இருக்கை வானுக்குள் இருந்த பிள்ளைகளைத் தூக்கிக் கேடயமாகப் பிடித்ததை அன்றுதான் கண்டேன். அந்த வட்ட முத்திரைதான் ஆண்டு விழாவில் பிள்ளைகளின் சான்றிதழ்களிலும் விழும்.

நீதிபதி கடிதத்தை மடித்து வைத்தார்.

"உங்கள் உரிமம் அன்றிரவே எடுக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு பிள்ளைகளை யார் கொண்டுபோகிறார்கள்?"

எளிமையான கேள்வி. வான்காரர் திரும்பிச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தன் கழுத்துப்பட்டியைப் பார்த்தார்.

"என்ரை தம்பி ஓடுறவர்," என்றார் வான்காரர்.

"தம்பியோ?" அவள் என் காதுக்குள் சொன்னாள். "அந்தாள் லண்டனிலயெல்லோ இருக்கிறது. போன சனியும் இவர்தானே வந்தவர்."

"தம்பி ஒழுங்காக ஓட்டுகிறாரா?" என்று நீதிபதி கேட்டார்.

"ஓம், ஓம். நல்லா ஓடுவார். குடிக்கிறதும் இல்லை."

"அப்படியென்றால் பள்ளிக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. பத்து மாதத்தைக் குறைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை வான்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தலை நின்றது. இங்கே இல்லாத தம்பி அவருடைய பத்து மாதத்தையும் அப்படியே திருப்பிக் கொடுத்திருந்தார். எழுந்து சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடைக்கூடத்தில் செயலாளர் எங்களிடம் வந்தார்.

"பாவம் மனுசன். ஒரு கிளாஸ் கூடிப்போச்சு, அவ்வளவுதான். ஆர்தான் குடிக்கேல்லை?"

"வாற சனி ஆர் ஓடுறது?" என்று அவள் கேட்டாள்.

"அதைப் பிறகு கதைப்பம் பிள்ளை. இஞ்ச வச்சுக் கதையாதேங்கோ. அந்த மொழிபெயர்ப்புக்காரன் நிக்கிறான்."

"லண்டனிலயிருந்து தம்பி பிளேனில வருவாரோ?"

வான்காரர் கிட்ட வந்தார். கோபப்படவில்லை, புண்பட்டவர் போலத்தான் பேசினார். "அக்கா, ஒரு நாளாவது உங்கட பிள்ளையளைப் பிந்திக் கொண்டந்தனானோ? நான் காலமையில தொடுறதேயில்லை."

செயலாளர் என் தோளில் கை வைத்தார். "அண்ணை, நீங்கள் விஷயம் தெரிஞ்ச ஆள். ஊர்ப் பேப்பருக்கு எழுதின மாதிரி இதை எழுதிப்போடாதேங்கோ. எங்கட இனத்துக்குத்தான் கேவலம்."

அவருடைய கையை எடுத்துவிட்டேன். கேவலம் எது என்று அவருக்கு விளக்க எனக்கு மனமில்லை.

சனிக்கிழமை அவள் என்னையும் வரச் சொன்னாள். வான் வந்து நிற்பது பேரங்காடியின் தரிப்பிடத்தில். நாலைந்து தாய்மார் பிள்ளைகளுடன் நின்றார்கள். அவள் புதன்கிழமை கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். செய்தி எழுதப் பழகியவர்கள்கூட அவ்வளவு சுத்தமாகச் சொல்வதில்லை.

யாரும் திடுக்கிடவில்லை.

"அது தெரியும்தானே," என்றாள் ஒருத்தி, மகளின் தலைமயிரைக் கட்டிக்கொண்டே. "லைசன்ஸ் பறிச்ச அடுத்த கிழமையே வான்காரரே வந்து சொன்னவர்."

"தெரியுமோ? அப்ப ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொன்னால் வானை நிப்பாட்டிப் போடுவியள். பிறகு ஆர் ஏத்திறது? சனிக்கிழமை எங்களுக்கும் வேலை."

பொலிஸ் நிலையம், நீதிமன்ற அலுவலகம், நூலகம், புதன்கிழமைகள். நான் இந்த மாவட்டம் முழுக்கத் தேடியது இந்தத் தரிப்பிடத்தில் வாரந்தோறும் நின்றிருக்கிறது, கையில் சாப்பாட்டுப் பெட்டியுடன். டேட்டன்ஷுட்ஸ் என்று சொல்லித் திருப்பியனுப்பிய அதிகாரிகள் மேல் எனக்கிருந்த எரிச்சல் அந்த நிமிடம் போய்விட்டது. அவர்கள் ஒரு சட்டத்துக்காக மறைத்தார்கள்.

வான் வந்தது. தொப்பி அணிந்து வான்காரர்தான் ஓட்டி வந்தார். பிள்ளைகள் வழக்கம்போல் ஏறினார்கள். அவள் தன் இருவரையும் என் பக்கம் தள்ளிவிட்டு வானுக்கு முன்னால் போய் நின்றாள். கைத்தொலைபேசியை எடுத்து, இலக்கத் தகட்டைச் சத்தமாக வாசித்தாள்.

"இறங்கிறியளோ, இல்லாட்டில் பொலிஸுக்கு அடிக்கட்டோ?"

"விளையாடாதேங்கோ அக்கா. பிள்ளையள் இருக்கினம்."

"அதுக்குத்தான் கேக்கிறன். இறங்குங்கோ."

ஒரு தாய் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கு விசரோ? எங்கட பிள்ளையளின்ர சோதினையையும் பழுதாக்கிறாய்!" அவள் அசையவில்லை. பெருவிரல் தொலைபேசிப் பொத்தானில் இருந்தது. வான்காரர் அதைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். பிள்ளைகள் ஓடாத வானுக்குள் சற்றுநேரம் இருக்கைப் பட்டிகளோடு இருந்தார்கள். பின்பு தாய்மார் ஒருவர்பின் ஒருவராக அவர்களை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது ஒருவரும் வான்காரரைத் திட்டவில்லை. அவளைத்தான் பார்த்தார்கள்.

நாங்கள் பள்ளிக்குப் பஸ்ஸில் போனோம். அவள் அன்றைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். முதல் பஸ்ஸிலேயே வான்காரரும் ஏறினார். அவர் வீடு அந்தப் பக்கம், அவருக்கும் வேறு வழியில்லை. எங்களுக்கு முன் இருக்கையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலை வெயில் கண்ணாடியில் அடித்தது. பஸ் வளைவில் திரும்பியபோது அவரிடமிருந்து கராம்பு மணந்தது. அதற்குக் கீழே மற்றதும் மணந்தது.

இளைய பிள்ளை மூக்கைப் பொத்தினாள். தாய் எழுந்து, தலைக்கு மேலிருந்த சிறு ஜன்னல் கண்ணாடியைத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள்.