சின்ன நண்டுக்கு மூன்று உயிர்

என் மகளுக்காக நான் பூதங்கள் செய்துகொடுத்த கதை இது. பெரிய பூதங்களை அவளே செய்துகொள்வாள். என் பங்குக்கு வந்தவை சோப்ளாங்கி பூதங்கள்.

பிள்ளைகளே, ஆட்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்கள். காட்டுக்குள் போகிறேன், கதவை உடைக்கிறேன் என்று அவரவர் வாயால் சொன்னால் போதும்; எழுந்து ஓட வேண்டாம். எதிரி வந்தால் பகடை உருட்ட வேண்டும். நாலோ அதற்கு மேலோ விழுந்தால் அடி பட்டது. குறைந்தால் கத்தியைக் காற்றில் வீசியதாகக் கணக்கு. எதிரிக்கும் இதே சட்டம்தான். ஒவ்வொரு வீரனுக்கும் எட்டு உயிர். வீரன் அடித்தால் எதிரிக்கு ஒரு உயிர் குறையும்; எதிரி அடித்தால் எத்தனை குறையும் என்பது எதிரியைப் பொறுத்தது. அது தீர்ந்தால் செத்துப்போய், மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு பொரி சாப்பிடலாம்.

மகள் இதை அடையாறில் ஒரு கோடை வகுப்பில் கற்றுக்கொண்டு வந்தாள். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஞாயிறு காலையில் ஆட்டம் நடக்கும். கதை சொல்பவள் அவள். வீரர்கள் மூன்று பேர்: மேல்வீட்டு அண்ணன், தம்பி, மகளோடு படிக்கும் ஒரு தோழி. தோழியின் வீடு ஆற்றோரம் இருந்தது. அந்த வீட்டு வரிசையை அரசாங்கம் இடித்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதும் அவள் வருவது நின்றுபோயிற்று.

மேல்வீட்டு அண்ணன் உடனே சொல்லிவிட்டான். "ரெண்டே பேரு ஆட்றதுக்கு இன்னாத்துக்கு மாடி ஏறணும்? மூணாவது ஆள் இல்லன்னா நாங்க கிரிக்கெட்டுக்குப் போய்க்கினே இருப்போம்."

மகள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் கீழ்வீட்டுச் சின்னப் பெண்ணைக் கூட்டிவந்தாள். மூன்றாம் வகுப்பு. வீட்டில் உருது பேசுகிறவர்கள். லூடோ பெட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பகடையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதை வேறு யாரும் தொடக்கூடாது.

"நைனா, இவ மொதோ சண்டையிலயே செத்துட்டா திரும்ப வர மாட்டா. ஈஸியா தோக்கற மாதிரி ஏதாச்சும் பூதம் பண்ணிக் குடு" என்றாள் மகள்.

நான் எட்டாவது வரை படித்தவன். தி.நகரில் ஒரு புடவைக் கடையில் லிஃப்ட் இயக்குகிறேன். பூதம் செய்த அனுபவம் கிடையாது. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து மேலும் கீழும் போகிறவனுக்கு யோசிக்க நேரம் உண்டு.

முதலில் குட்டிப் பூதங்கள் செய்தேன். ஒன்றுக்கு ஒரே உயிர். தட்டினால் போய்விடும். கடித்தாலும் நம்மில் ஒரு உயிர்தான் குறையும். இதைவிட நோஞ்சானான பூதம் இருக்க முடியாது என்று நினைத்து, பார்க்க நன்றாக இருக்கட்டுமே என்று பத்தாக அனுப்பினேன்.

வீரர்கள் ஆளுக்கு ஒன்றை அடிப்பதற்குள் மிச்சமிருந்தவை எல்லாம் சின்னப் பெண்ணைச் சூழ்ந்துகொண்டன. இரண்டாவது சுற்றில் அவள் செத்துப்போனாள். தீபாவளிக் கூட்டத்தில் லிஃப்டுக்குள் ஏறுகிறவர்கள் தனித்தனியாக நல்லவர்கள்தான், சாதுக்கள்தான். கதவு மூடாமல் போவது அவர்கள் எல்லோரும் சேர்ந்து வருவதால். இதை வருடக்கணக்காகப் பார்க்கிற எனக்கே பூதம் செய்யும்போது ஞாபகம் வரவில்லை. நீங்கள் பூதம் செய்யப் போனால், ஒன்றின் பலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். எத்தனை வருகிறது என்று பாருங்கள்.

சின்னப் பெண் பொரி சாப்பிட்டாள். அழவில்லை. மறு ஞாயிறும் வந்தாள்.

இந்தத் தடவை கவனமாக இருந்தேன். ஒரே ஒரு பூதம். வயதானது. முட்டி வலி. கையில் கம்பு உண்டு, ஊன்றி நடப்பதற்கு. அது அடித்தால் யாருக்கும் ஒரு உயிர்கூடக் குறையாது. சின்னப் பெண் தைரியமாக முன்னால் போய் இரண்டு தடவை அடித்தாள். பூதம் திருப்பி அடித்தது. பகடையில் ஆறு விழுந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மேல்வீட்டுத் தம்பி சிரித்துவிட்டான்.

அவள் மகளைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, அது அட்ச்சா எனக்கு எவ்ளோ கொறையும்?"

என் மகள் ஆட்டத்தில் பொய் சொல்ல மாட்டாள். "ஒண்ணும் கொறையாது."

"அப்போ நான் ஒப்புக்குச் சப்பாணியா?"

உங்களுக்குத் தெரியும். தெருவில் விளையாடும்போது வீட்டுக் குட்டிப் பிள்ளை ஒன்று நானும் வருவேன் என்று அழும். அதையும் சேர்த்துக்கொள்வோம். அது எவ்வளவு ஓடினாலும் யாரும் பிடிக்க மாட்டார்கள், அவுட் கிடையாது. அதற்குப் பெயர்தான் ஒப்புக்குச் சப்பாணி. அந்தப் பிள்ளை குஷியாக ஓடிக்கொண்டிருக்கும், விஷயம் தெரிகிற நாள் வரைக்கும்.

சின்னப் பெண் சிவப்புப் பகடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். பூதம் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றது. மேல்வீட்டு அண்ணன் எழுந்து கால்சட்டையைத் தட்டினான். "மச்சி, வா, பேட் எடு" என்று தம்பியிடம் சொன்னான்.

"அடுத்த வாரம் ஒரு தபா அவளக் கூப்ட்டுப் பாக்கறேன், நைனா. வரலன்னா வுட்டுடலாம்" என்றாள் மகள், அவ்வளவுதான்.

அந்த வாரம் நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் வாங்கப் போனேன். கூறு கட்டி வைத்திருந்த நண்டுகளில் ஒன்று தட்டை விட்டு நடந்துகொண்டிருந்தது. பொடி நண்டு. எடுத்து உள்ளே போடலாம் என்று கை வைத்தேன். கவ்விக்கொண்டது. நான் கையை உதறியதில் பக்கத்து மீன்காரர் மீது தண்ணீர் தெறித்தது.

மீன் விற்கும் அம்மா சிரித்தார். "இன்னா நைனா, நண்டுக்குக் கை குடுக்கிறியா?"

"சின்னதுதானேன்னு..."

"அது சின்னதுன்னு உனக்குத் தெரியும். அதுக்கு யாரு சொன்னா? உதறாத, கீழ வையி. தன்னால வுட்டுட்டு ஓடும்."

கீழே வைத்தேன். விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஓடி, ஒரு படகின் அடியில் புகுந்துகொண்டது. நான் விரலை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் படகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா வேறு ஏதோ சொன்னார், காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் விரலைக் காட்டி விவரம் சொன்னேன். தண்ணீர் கேன் அளவுக்கு ஒரு நண்டு. மூன்று உயிர். கடித்தால் நிஜமாகவே இரண்டு உயிர் போகும். ஒரே உயிர் பாக்கி என்று ஆனால் சண்டை போடாது, வளைக்குள் ஓடிவிடும். வளைக்குப் போகும் வழி குறுகல். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம். இது மட்டும் லிஃப்டிலிருந்து எடுத்தது.

"அவ செத்துட்டான்னா?" என்றாள் மகள்.

"சாகலாம்."

மகள் என் விரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

ஞாயிறு காலை அவளே கீழ்வீட்டுக்குப் போய், "இந்தத் தபா நெஜமாவே அடிக்கும். வரியா?" என்று கேட்டிருக்கிறாள். சின்னப் பெண் செருப்புப் போடாமல் ஏறி வந்தாள். அண்ணனும் தம்பியும் பேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. துணி காயப்போடுவதுபோல அங்கேயே நின்றேன்.

குறுகிய வழி வந்தது. "நான் முன்னாடி" என்றாள் சின்னப் பெண்.

அவள் வீசினாள், படவில்லை. நண்டு கடித்தது. எட்டு ஆறாயிற்று. அடுத்து அவள் அடித்தாள், பட்டது. நண்டு மறுபடி கடித்தது. நாலு. அவள் வீசியது காற்றில் போயிற்று. நண்டு மறுபடி கடித்தது. பாக்கி உயிரை விரல் விட்டு உருதுவில் எண்ணினாள். எண்ணுவதற்கு இரண்டு விரல்தான் இருந்தது.

நான் ஒரே துண்டை மூன்றாம் தடவையாகக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"டேய், அவ பூட்டா" என்றான் தம்பி.

"தள்ளிக்கோ, நான் வந்து அடிக்கறேன்" என்றான் அண்ணன்.

"யாரும் வராதீங்க!"

சிவப்புப் பகடையை இரண்டு கையாலும் குலுக்கி எறிந்தாள். அது உருண்டு தொட்டியின் காலில் முட்டி நின்றது. ஐந்து. நண்டுக்கு ஒரே உயிர் பாக்கி. சட்டப்படி அது பக்கவாட்டில் ஓடி வளைக்குள் புகுந்துகொண்டது.

"ஓடிடுச்சா?"

"ஓடிடுச்சு" என்றாள் மகள்.

"இன்னொரு தபா கட்ச்சிருந்தா நான் செத்திருப்பேனாக்கா?"

"செத்திருப்ப."

சின்னப் பெண் அண்ணனையும் தம்பியையும் திரும்பிப் பார்த்தாள். தம்பி பேட்டைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"அந்த வளை எவ்ளோ ஆழம்?" என்று அவள் கேட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் துணியைப் பார்த்தேன்.

"அடுத்த வாரம் சொல்றேன்" என்றாள் மகள்.

சின்னப் பெண் சிவப்புப் பகடையை எடுத்து, எங்கள் பகடைகள் கிடக்கும் காப்பித்தூள் டப்பாவுக்குள் போட்டாள். "இங்கயே இருக்கட்டும். தோண்டணும்" என்று சொல்லிவிட்டு, கையை வீசிக்கொண்டு இறங்கிப் போனாள். நண்டு தன்னைக் கொல்லப் பார்த்ததாகப் படியில் யாரிடமோ பெருமையாகச் சொல்வது மாடி வரை கேட்டது.

அன்று மாலை கடையில் நல்ல கூட்டம். நண்டு வளைக்குள் என்னென்ன வைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடி, மூன்றாம் மாடி என்று ஓர் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாராம். நான் அவரை ஐந்தாவதுக்கும் தரைக்குமாக இரண்டு தடவை கொண்டுபோயிருக்கிறேன்.