வஞ்சிரத் தலை யாருடைய கர்மா?

காலையில் காசிமேட்டில் நெத்திலி வாங்கி, மீன் வெட்டும் அக்காவிடம் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஒருவர் குறுக்கே புகுந்து வஞ்சிரத்தை நீட்டினார்.

"உன்னுது நெத்திலி, ஒண்ணொண்ணா ஆயணும். என்னுது நாலே வெட்டு நைனா. வூட்டுக்கு ஆளுங்க வந்துகினு கீறாங்க."

அக்கா அதை வெட்ட, பக்கத்தில் அக்காவின் மகள் என் நெத்திலியை ஆய்ந்தார். இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்புக் கவரில் போயின. வஞ்சிரக்காரர் ஒன்றைப் பறித்துக்கொண்டு பறந்தார்.

மிச்சமிருந்த கவரைத் திறந்தால், வஞ்சிரம்!

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "குறுக்க பூந்தான் இல்ல? கர்மா கையோட குட்த்துச்சு பாரு. நீ எட்துகினு கெளம்பு."

உடனே மனைவிக்கு ஃபோன் போட்டுப் பெருமையடித்தேன். அவள் கேட்டாள்:

"நெத்திலி போனது அந்தாளு கர்மா. வஞ்சிரம் நம்ம வூட்டுக்கு வந்தா அது யாரு கர்மா? யோசிச்சிட்டு வா."

இப்படிச் சொன்னால் மனிதன் எப்படிக் கிளம்புவான்? வெயிலில் நின்றேன். கடைசியில் வஞ்சிரக்காரர் வேர்த்துக் கொட்ட ஓடி வந்தார்.

"நீ கெளம்பியிருப்பேன்னு நெனச்சேன் தலைவா!"

நெத்திலியைத் திருப்பித் தந்தவர், தன் வஞ்சிரத் தலையையும் எடுத்து என் கவரில் போட்டார். வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை.

இப்போது அந்தத் தலை குழம்பில் கொதிக்கிறது. வெயிலில் நின்ற புண்ணியம் எனக்குத்தான் என்கிறேன். நிற்க வைத்த புண்ணியம் தனக்குத்தான் என்கிறாள் மனைவி.

நியாயத்தைச் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் தட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.