சுவரைத் தாண்டி வந்த பட்டியல்

அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், "கதிரை அடுக்குறாரு" என்று சொல்கிறீர்களாம். அதுவும் சரிதான். கூட்டங்களுக்கு வாடகைக்கு விடுகிற இந்த அப்புத்தளை மண்டபத்தில் நான் கதிரை அடுக்குகிறேன், கூட்டுகிறேன், தேத்தண்ணி ஊற்றுகிறேன். ஆனால் வருகிறவர்களுடைய கம்ப்யூட்டரைப் பெரிய திரையோடு சேர்த்துவிடுவதும் நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றுபோனவன் இதைச் செய்கிறேன் என்று எனக்குள் கொஞ்சம் பெருமை உண்டு. அந்த வேலையால் நடந்த ஒன்றை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

முன்பு மண்டபத்தில் வயர் இருந்தது. மேசையிலிருந்து கூரையில் தொங்குகிற புரொஜெக்டர் வரைக்கும் ஒரே நீளம். யாரும் கால் தடுக்கி விழக்கூடாது என்று அதன்மேல் பாயை விரித்து வைப்பேன். பிறகு மெனேஜர் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தார். இரண்டு தீப்பெட்டியைச் சேர்த்து வைத்த அளவுதான். அதைப் புரொஜெக்டரின் பின்னால் செருகியதும் திரையில் நான்கு எண்கள் வந்தன. அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் அடித்தால் போதும், அதில் தெரிகிற படம் அப்படியே திரையிலும் தெரியும். வயரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். ரேடியோவுக்குப் பாட்டு வருகிற மாதிரி, கம்ப்யூட்டர் அனுப்புவதை அந்தப் பெட்டி காற்றிலேயே பிடித்துக்கொள்கிறது.

ஆரம்பத்தில் எனக்குப் பயம். தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீடுகளில் பெரிய மழை வந்தால் டிவிப் படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகுமே, அது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். இந்த ஊர்ப் பனி கேட்காமலே உள்ளே வரும். முதல் கூட்டத்தன்று ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தி வைத்தேன். ஏன் என்று மெனேஜர் கேட்டார், சொன்னேன். பல நாள் வரைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார்.

கூட்டம் இல்லாத நாட்கள்தான் அதிகம். நூற்றிருபது கதிரை, நான் ஒருவன். சமையலறைக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம்தான் பஸ் ஏறி, பெரகலவில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து உங்களிடம் வருவேன். நடுவில் உள்ள நாட்களில் வாய் திறந்து பேசுவதற்கு ஆள் கிடையாது. வெளியே பார்த்தால் பனி. அது விலகினால் கீழே எவ்வளவோ தூரத்துக்கு ஊர்கள் தெரியும். அவ்வளவு தெரிவதும் எனக்குப் பிடிக்காது. அங்கெல்லாம் ஆட்கள் இருக்கிறார்களே என்று இருக்கும்.

அப்படி ஒரு நாள் என் போனையே திரையோடு சேர்த்துப் பார்த்தேன். உங்கள் இரண்டு பேருடைய படம் வந்தது. சின்னவனுக்கு முன்பல் விழுந்திருந்த நேரம். அந்த ஓட்டை சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குத் தெரிந்தது. பெரியவளே, உன் காதில் தோட்டுக்குப் பதிலாகச் செருகியிருந்த வேப்பங்குச்சி கூடத் தெரிந்தது. போனில் அதை நான் கண்டதே இல்லை. முன் வரிசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் மெனேஜரின் குரல் கேட்டது.

"என்னப்பா, வீட்டு டிவின்னு நெனச்சியா? திரையில வர்றது எதுவும் ஒனக்கு இல்ல. சேத்து விடு, வெளிய வந்துடு. அவ்வளவுதான் ஒன் வேல."

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பலதும் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் எண்ணைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பேன்.

லயத்துக்குப் பின்னால் மேட்டில் மண் வெடித்திருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெடிப்பு பெரிதாகிறதா என்று பார்க்க அம்மா இரண்டு பக்கமும் குச்சி நட்டு வைத்திருந்தாள். ஐப்பசி மழைக்கு இரண்டு தடவை பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தீர்கள். இரண்டு தடவையும் நான் அங்கே இல்லை. அந்த இடம் ஆபத்து என்று எழுதி, வேறு இடத்தில் வீடு கட்டித் தருவதற்காகக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வந்தது காலை பத்து மணிக்கு. அம்மா விடியவே பெரட்டுக் களத்துக்குப் போய், வேலைக்குப் பேர் கொடுத்து, மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் பள்ளிக்கூடத்தில். நம் காம்பரா வீட்டில் பூட்டு. மற்ற வீடுகளில் கைப்பிள்ளையோ வயதானவர்களோ வீட்டுக்கொருவர் இருந்தார்கள். நம் வீட்டில்தான் ஒருவரும் இல்லை. வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டக்கா சொன்னாளாம். கையெழுத்து வேண்டும், திரும்ப வருகிறோம் என்று போய்விட்டார்களாம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைச் சொன்னபோது, "வருவாங்க" என்றேன். சொல்லிவிட்டு மண்டபத்துக்குத் திரும்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து, அந்த வீடுகளைப் பற்றிப் பேசுவதற்கு நம் மண்டபத்திலேயே கூட்டம் வைத்தார்கள். பட்டியலைக் கொண்டு வந்தவர் பதுளையிலிருந்து வந்த ஒரு தமிழ் அதிகாரி. சின்ன வயது. ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகவே வந்துவிட்டார். படம் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். எண்ணைச் சொன்னேன், வந்தது. சந்தோஷப்பட்டார். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று கம்ப்யூட்டரை மூடாமல் அப்படியே ஒரு கையில் ஏந்திக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வயர் இருந்த காலத்தில் இது நடந்திருக்காது. கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போக வேண்டுமென்றால் வயரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் படம் போய்விடும். இப்போது பிடுங்குவதற்கு ஒன்றுமில்லையே. அவர் அறைக்குள் உட்கார்ந்து செய்வதெல்லாம் சுவரைத் தாண்டி வந்து வெறும் மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. கதிரைகளை நேராக்கிக்கொண்டு திரும்பிய நான் கண்டேன்.

ரிமோட் என் கையில்தான் இருந்தது. அமுக்கியிருக்க வேண்டும். நம் தோட்டத்தின் பேரைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

லயம், காம்பரா இலக்கம், ஆட்கள் என்று கட்டம் கட்டமாக ஒரு பட்டியல். அவர் உருட்ட உருட்ட அது மேலே ஓடியது. நான் வாசிக்கிற வேகத்துக்கு நிற்கவில்லை. ஐந்தாம் லயம் வந்தது. ஒன்று, ஐந்து பேர். இரண்டு, ஏழு பேர். அப்படியே இறங்கி நம் பன்னிரண்டுக்கு வந்தேன். ஆட்கள் என்ற இடத்தில், "எவரும் வசிக்கவில்லை" என்று இருந்தது.

அதைத் திரும்ப வாசிப்பதற்குள் அந்த வரி மஞ்சளாகிவிட்டது. அதே மாதிரி எழுதியிருந்த மற்ற வரிகளும் மஞ்சளாகின. பிறகு அவர் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். நம் வரியில் அம்பு வந்து நின்றது. திரையில் அந்த அம்பு என் உள்ளங்கையை விடப் பெரிது. அந்த நேரம் பார்த்து அறைக்குள் அவருடைய போன் அடித்தது. அவருடைய தாயார் போலிருக்கிறது.

"சாப்டேம்மா... ஆமா, குளிருதுதான்... ஸ்வெட்டர் போட்டிருக்கேம்மா."

அவர் பேசுகிற வரைக்கும் அம்பு நம் வீட்டின் மேல் நின்றது. அந்தக் கதவைத் தட்ட எனக்குப் பத்து அடி கூட வேண்டாம். உங்கள் பாயும் அம்மாவின் குச்சியும் நினைவில் வந்தன. மெனேஜர் சொன்னதும் வந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பேசி முடிந்தது. அம்பு ஒரு தடவை அசைந்தது. பன்னிரண்டைக் காணோம். பதினொன்றுக்குக் கீழே ஆறாம் லயம் வந்து ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் ரிமோட்டை அமுக்கினேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

"சேர், படம் இன்னும் மண்டபத்துல ஓடிக்கிட்டிருந்திச்சிங்க. நிப்பாட்டிட்டேன்."

அவருடைய முகம் மாறிவிட்டது. "இவ்வளவு நேரமுமா? யாராச்சும் பாத்தாங்களா அண்ணே?"

"யாரும் இன்னும் வரலீங்க."

"நீங்க?"

"இல்லீங்க சேர். எனக்கு எங்க அதெல்லாம் வாசிக்கத் தெரியுது."

அப்படித்தான் சொன்னேன். வாசி வாசி என்று உங்களைத் திட்டுகிற அதே வாயால் சொன்னேன். அவருக்கு நிம்மதியாகிவிட்டது. தேத்தண்ணி நன்றாக இருக்கிறது என்றார். அவர் கேட்ட இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த வார்த்தையாக நம் வீட்டைச் சொல்லியிருக்கலாம். வாசிக்கத் தெரியாதவன் எப்படிச் சொல்ல முடியும்?

கூட்டத்துக்கு நம் தோட்டத்துச் சங்கத் தலைவரும் வந்திருந்தார். கடைசி வரிசையில் நிற்கிற என்னைக் கண்டதும், "என்னா மாப்ள, தொர மாதிரி ரிமோட்டெல்லாம் வச்சிருக்க" என்று முதுகில் தட்டினார். திரையில் பட்டியலைக் காட்டவில்லை. எந்தத் தோட்டத்துக்கு எத்தனை வீடு என்ற கூட்டுத்தொகை மட்டும் வந்தது. எல்லா வீடும் இதில் இருக்கிறதா என்று தலைவர் எழுந்து கேட்டார். பதிந்த வீடு எல்லாம் இருக்கிறது என்று அதிகாரி சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். என் தலை தானாகவே ஆடியது. அவ்வளவு ஆட்களுக்கு நடுவில் அன்றைக்கு நான் இருந்த மாதிரித் தனியாக, கதிரைகளோடு இருக்கிற நாட்களில் கூட இருந்ததில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். தூறல் போட்டது. அதிகாரியின் பையை நான் தூக்கிக்கொண்டு, குடையை அவருக்குப் பிடித்தபடி வாகனம் வரைக்கும் நடந்தேன். முப்பது அடி இருக்கும். வாகனம் பனியில் தெரியவில்லை, முன்விளக்கு மட்டும் தெரிந்தது. அவர் ஏறிவிட்டால் முடிந்தது என்று தோன்றியது. பையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டேன்.

"சேர், காலையில பொய் சொல்லிட்டேங்க. பாத்தேன்."

"எத?"

"அஞ்சாம் லயம், பன்னெண்டு. அது சும்மா கெடக்குற வீடு இல்லீங்க. எங்க வீடு."

"வாசிக்கத் தெரியாதுன்னீங்களே அண்ணே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணக்கெடுக்க வந்த நாளில் ஏன் பூட்டியிருந்தது என்பதைச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார்.

"சரி, வீட்டுல எத்தன பேர் இருக்கீங்க?"

"மூணு பேருங்க. வீட்டம்மா, ரெண்டு புள்ளைங்க."

அவர் எழுதிக்கொண்டார். ஆள் அனுப்புகிறேன் என்று பையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார். மழையில் நின்றுகொண்டிருந்தேன். நான்கு என்று சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அவர் கேட்டதும், மழை பெய்கிறபோது அந்த வெடித்த மேட்டுக்குக் கீழே யார் படுத்திருப்பார்கள் என்றுதான் மனசு எண்ணியது. அதில் நான் வரவில்லை.

சொன்ன மாதிரியே ஒருவர் வந்தார். அம்மா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து கையெழுத்து வைத்தாள். பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது. அம்மா எனக்குப் போன் எடுத்தாள்.

"ஏங்க, வீடு கெடைச்சிருச்சு. ஆனா மூணு பேருன்னு போட்டிருக்காங்க. ஒங்களக் காணோமே."

"நான்தான் சொன்னேன்."

"நான் வந்தவர்கிட்ட நாலுன்னு சொன்னேங்க. எழுதியிருக்குறது மூணு, அதுதான் சரின்னாரு. யாரு அப்பிடி எழுதுனதுன்னு அன்னைக்கே யோசிச்சேன்."

போய்த் திருத்திவிட்டு வரச் சொன்னாள். நான் போகவில்லை. ஒரு எழுத்தை மாற்றப் போய், முழுவதையும் திரும்பப் பார்க்கிறோம் என்று அவர்கள் ஆரம்பித்தால் என்ன செய்வது என்று பயம். நீங்கள் புது வீட்டுக்குப் போய்விட்டீர்கள். மழைக்கு இப்போது பாயைச் சுருட்டுவதில்லை. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் பெரியவளே, நீ பள்ளிக்கூடத்துக் கடதாசியில் வீட்டில் நான்கு பேர் என்று எழுதினாயாம். அதோடு வைத்திருந்த வீட்டுக் கடிதத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் அதை மூன்று என்று திருத்தினாராம். "அப்பா, ஒங்கள வெட்டிட்டாங்க" என்று போனில் அழுதாய். டீச்சர் மேல் கோபப்படாதே. அந்த அதிகாரி மேலும் கோபப்படாதே. என்னை ஒருவரும் வெட்டவில்லை. அந்த மூன்றை என் வாயால் நான்தான் சொன்னேன்.

புதன்கிழமை கூட்டம் ஒன்றும் இல்லை. மெனேஜரிடம் லீவு கேட்டிருக்கிறேன். அதைத் திருத்தப் பதுளைக்கு முதல் பஸ்ஸில் போகப்போகிறேன். அங்கே என்ன கேட்பார்களோ தெரியாது. அம்மாவின் அடையாள அட்டையையும் உங்கள் இருவருடைய பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வைக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சரி என்று மட்டும் சொன்னாள்.