பழையதை வைத்துக்கொள்ளாதவர்

பல் துலக்கும் பிரஷை வாயில் வைத்தபடியே மடிக்கணினியைத் திறப்பார். தூங்கி எழுவதற்குள் ஏதாவது புது வெர்ஷன் வந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வந்திருந்தால் முகத்தில் ஒரு களை. நுரை மேசையில் சொட்டுவதுகூடத் தெரியாமல் நிரல் எழுதும் மொழி, அதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், கூடவே வரும் துணை நிரல்களான பேக்கேஜ்கள் என்று எல்லாவற்றையும் புதுப்பிப்பார். பழையதைத் தேடிப் பிடித்து அழித்த பிறகுதான் வாய் கொப்பளிப்பார்.

அலுவலகத்தில் அவருக்கு 'அப்டேட் அண்ணன்' என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்களின் கணினியில் நிரல் எழுதத் தேவையானவற்றை நிறுவிக் கொடுப்பது அவர் வேலை. சட்டைப் பையில் ஒரு மெல்லிய துணி இருக்கும். அடுத்தவர் திரையைத் துடைத்துவிட்டுத்தான் கீபோர்டில் கை வைப்பார். "என்ன இது, ஒரே மொழி மூணு வெர்ஷன் கெடக்கு? கம்ப்யூட்டரா, பழைய சாமான் கடையா?" என்று அதட்டுவார். "அண்ணே, ஓடிட்டு இருக்கறத ஏன் நோண்டுறீங்க?" என்று கெஞ்சினால், "நின்னதுக்கு அப்புறம் நோண்டி என்ன பண்றது?" என்பார். கெஞ்சியவர்களில் பாதிப் பேருக்கு அன்று ஒரு வேலையும் ஓடாது. அதைச் சொன்னாலும் சிரிப்புத்தான்.

போன வருடம் அவர் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவளை மைக்கின் எதிரே உட்கார வைத்து, கிடைத்ததையெல்லாம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். மருந்துச் சீட்டைக்கூட விடவில்லை. அந்தப் பதிவுகளிலிருந்து ஒரு குரலை உண்டாக்கி, அவள் தட்டச்சு செய்வதை அவள் குரலிலேயே பேசும் நிரலை எழுதிக் கொடுத்தார். வேறு என்ன குறை சொன்னாலும் இந்த ஒரு காரியத்துக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அவள் அந்த மடிக்கணினியைச் சமையலறையில் வைத்துக்கொண்டாள். "என்னங்க, சாப்பாடு ஆறுது" என்று அது கூப்பிட்டால் அச்சு அசல் அவளேதான். அதையும் அவர் தினமும் புதுப்பித்தார். "உங்க அப்டேட்டுக்கு ஒரு நாள் லீவு குடுங்களேன்" என்று அவள் தட்டிவிட்டுத் தோளைக் குலுக்கிச் சிரிப்பாள்.

ஒரு காலையில் வழக்கம்போல் புதுப்பித்து, பழையதை அழித்து, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அவள் எதையோ தட்டினாள். சத்தமே இல்லை. குரல் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று திரையில் சிவப்பு எழுத்து. புது வெர்ஷனுக்கு அந்தக் கோப்பு பிடிபடவில்லை. குரலை உண்டாக்கிய பழைய பேக்கேஜை அதன் ஆசிரியர் எப்போதோ கைகழுவி, இணையத்திலிருந்தே எடுத்துவிட்டிருந்தார். ஆரம்பப் பதிவுகள் இருந்தால் குரலை மறுபடி செய்துவிடலாம். குரல் தயாரானதுமே, இனி இது எதற்கு என்று அவற்றையும் நகலோடு அழித்திருந்தார், மகராசன்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அந்தக் குரலை மீட்பதே வேலை. எங்கெங்கோ கெஞ்சி அந்தப் பேக்கேஜுக்கும் மொழிக்கும் பழைய வெர்ஷன்களை வாங்கி ஏற்றுகிறார். ஒன்று ஏறினால் இன்னொன்று மறுக்கிறது. மொழியின் எந்த வெர்ஷனோடு எந்தக் கம்பைலர் அன்று சேர்ந்து ஓடியது என்பது அவருக்கே தெரியாது. அலுவலகத்தில் புதிதாக வந்த பெண், "அண்ணே, பழச அழிச்சிடட்டுமா?" என்று கேட்டபோது, "இருக்கட்டும்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "ரெடிமேடா எத்தனையோ குரல் இருக்கு, ஒண்ணு போட்டுத் தரவா?" என்று அவர் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். இப்போது சாப்பிடக் கூப்பிடுவதற்குக் கைதட்டுகிறாள்.

நேற்று அவள் மடிக்கணினியைத் தன் அறைக்கு எடுத்து வந்து இன்னொரு பழைய கம்பைலரை ஏற்றினார். இந்த முறை சிவப்பு எழுத்து வரவில்லை. நிரல் ஓடியது. அவள் வழக்கமாகக் கூப்பிடும் வரியைத் தானே தட்டினார். வாசிக்கப்படுவதுபோல் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒலி மட்டும் வரவில்லை. சமையலறையில் அவள் கைதட்டினாள். "தோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தார். எழுந்திருக்கவில்லை. அதில் செருகியிருந்த ஒலிபெருக்கியின் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, குனிந்து அதன்மேல் காதை வைத்துக்கொண்டார்.