கைராசிக்காரரின் ஓராண்டு

டாக்டர் வீரமலையைப் பற்றி இந்த ஊரில் யார் எழுதினாலும் புகழ்ந்துதான் எழுதுவார்கள். அதனால்தான் நான் எழுதுகிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது.

ஜீயபுரம் மெயின் ரோட்டில் அவருடைய கிளினிக்குக்கு நேர் எதிரே என் கிளினிக். என் பெயர் மாதவன். பொது மருத்துவத்தில் எம்.டி., அதுவும் தங்கப் பதக்கத்தோடு. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் வீடு. தினமும் காரில் வந்து போகிறேன். அவர் வெறும் எம்.பி.பி.எஸ். என்னிடம் ஏசி இருக்கிறது, ஈசிஜி மெஷின் இருக்கிறது, காத்திருப்பவர்கள் பார்க்க டிவி இருக்கிறது. அவரிடம் ஓட்டுக் கூரையும் ஒரு மர பெஞ்சும் கரகரவென்று சுற்றும் ஃபேனும். காலையில் நான் காரை நிறுத்தும்போதே அந்த பெஞ்சு நிறைந்து, மிச்ச ஜனம் ரோட்டோரம் குந்தியிருக்கும். என் டிவியை நானும் நர்ஸும் பார்த்துக்கொண்டிருப்போம்.

காரணம் கேட்டால் ஊர் முழுக்க ஒரே வார்த்தை: கைராசி. அவர் தொட்டுப் பார்த்தாலே காய்ச்சல் பாதி இறங்கிவிடுமாம். நான் எழுதுகிற அதே மாத்திரையைத்தான் அவரும் எழுதுகிறார். ஆனால் என்னுடையது கேட்காது, அவருடையது கேட்கும். நடவுக்கு முதல் நாற்றுக்கட்டை யார் கையில் கொடுப்பது என்று பார்க்கிற ஊர், டாக்டரையும் அப்படித்தான் பார்த்தது. இதை எந்தப் புத்தகத்தில் போய்ப் படிப்பது?

ஒருநாள் மாரியாயி என்ற அம்மா, வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர், என் கிளினிக்குக்குள் வந்து உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்னம்மா செய்யுது?" என்றேன்.

"இடுப்பு வலிங்க. எதுத்த டாக்டரு வயலுக்குப் போயிருக்காரு. வர்ற வரைக்கும் இங்க உக்காந்துக்கட்டுங்களா? குளுகுளுன்னு இருக்கு."

வீரமலை இந்த ஊர்க்காரர். அப்பா வாழை விவசாயி. அரசுக் கல்லூரியில் படித்து முடித்து, மேற்படிப்புக்குப் போகாமல் நேராக ஊருக்கே திரும்பியவர். அப்பா விட்டுப்போன நிலத்தை அவரும் அண்ணன் நல்லுசாமியும் பிரித்துக்கொண்டு பயிர் செய்தார்கள். விடிந்ததும் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, குதிகாலில் சேறு காயாமலே கிளினிக்குக்கு வருவார். என்னைக் கண்டால் ரோட்டுக்கு அந்தப்பக்கமிருந்தே "சாப்டீங்களா தம்பி?" என்று கேட்பார். பதக்கம் வாங்கிய என்னைத் தம்பி என்று கூப்பிட இவர் யார் என்று ஒவ்வொரு தடவையும் காதில் புகை வரும். "ஆச்சு சார்" என்று சிரித்து வைப்பேன்.

அந்த வயலில்தான் அவருக்கு ஏழரை பிடித்தது. ஒரு கோடையில் முறைத் தண்ணீரில் தகராறு. தம்பியின் முறை முடியும் முன்பே நல்லுசாமி மடையை அடைத்துவிட்டார். வாய்ச்சண்டை முற்றி, வீரமலை மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் அண்ணனின் கையில் ஓங்கி அடித்தார். முன்கை எலும்பு முறிந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் ஊர்ப் பேச்சானது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, ஒரு வாழை மட்டையை நறுக்கிப் பிளந்து, அண்ணனின் கைக்கு அணைகொடுத்து, தன் தலைத்துண்டால் சுற்றிக் கட்டினார். தானே வண்டியில் ஏற்றித் திருச்சிக்கும் கூட்டிப்போனார். அங்கே எலும்பு டாக்டர் கட்டைப் பார்த்துவிட்டு, "யாரு கட்டுனது? நல்லா நேரா நிக்குது" என்று கேட்டாராம். அண்ணன் கையை உடைத்தவனுக்குப் பாராட்டு. என் ஆயுசில் எந்த டாக்டரும் என் வேலையைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை.

நல்லுசாமி விடவில்லை. போலீஸ், கோர்ட்டு என்று போனார். கொடுங்காயம் ஏற்படுத்தியதாகத் தீர்ப்பானது. மேல்முறையீட்டில் சிறைத் தண்டனை அபராதமாகக் குறைந்தது. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது. அதோடு நல்லுசாமி மருத்துவ கவுன்சிலுக்கும் மனுப் போட்டார். குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவர் டாக்டராக இருக்கலாமா என்பதுதான் மனு. சென்னையில் விசாரணை. டாக்டர்கள் சங்கத்தின் உள்ளூர்ச் செயலாளர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பல்லவன் ரயிலில் முந்தின நாளே போய்விட்டேன்.

வீரமலையின் வக்கீல் கெட்டிக்காரர். "இது வயல் தகராறு. அண்ணன் தம்பிக்குள் நடந்தது. நோயாளி ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அடித்தது விவசாயி வீரமலை. டாக்டர் வீரமலைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது" என்றார். கமிட்டியில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்குத் திக்கென்றது.

என்னைக் கேட்டார்கள். "நோயாளியை அவர் அடிக்கவில்லைதான். ஆனால் எந்த இடத்தில் அடித்தால் எலும்பு முறியும் என்று படித்தவர் அடித்திருக்கிறார். வயலுக்குப் போகும்போது படிப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போக முடியாது" என்றேன். பொறாமையில் சொன்னேன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பொறாமை இருந்தது. அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடாது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கடைசியில் வீரமலையே எழுந்தார். "வக்கீல் எனக்காகத்தாங்க சொல்றாரு. ஆனா அடிச்சதும் நான்தான், கட்டுனதும் நான்தான். இதுல ரெண்டு ஆளு இல்லீங்க" என்றார். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலும் எரிச்சல்தான். தப்பை ஒப்புக்கொள்வதில்கூட இந்த மனுஷன் பெயர் வாங்கிக்கொண்டு போகிறாரே.

ஓராண்டுக்குப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் என்று முடிவானது. அதுவரை வைத்தியம் பார்க்கக் கூடாது. மீறினால் பெயர் திரும்பிச் சேராது. ஊருக்கு வந்த அன்றே வீரமலை போர்டைக் கழற்றினார். ஏணியில் ஏறி அவரே கழற்றினார். நான் என் அறை ஜன்னல் வழியாக முழுவதையும் பார்த்தேன்.

மறுவாரமே என் கிளினிக் நிறைந்தது. நாற்காலி போதாமல் வாடகைக்கு எடுத்துப் போட்டேன். ஜனம் என் டிவியைப் பார்த்தது. அதைவிட ஆச்சரியம், வந்தவர்களுக்குக் குணமானது. திரும்ப வந்து, "உங்க மருந்து நல்லா கேக்குதுங்க" என்றார்கள். முன்பெல்லாம் ஒருதடவை வந்துவிட்டு மறுதடவை எதிர்ப்பக்கம் போய்விடுகிறவர்கள் இவர்கள். எனக்கு நடையே மாறிவிட்டது. வீட்டில் என் மனைவி சுபலட்சுமியிடம், "கைராசி கைராசின்னாங்களே, இப்ப பாரு" என்று தினமும் சொல்வேன். அவள் சாம்பாரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஆடி மாதம். மாரியாயி மூட்டுவலிக்கு வந்திருந்தார். போன தடவை கொடுத்த மருந்து எப்படி என்று நானே வாயைக் கொடுத்துக் கேட்டேன்.

"நல்லா கேட்டுச்சுங்க. முதல் மாத்திரை அவரு கையால வாங்கிப் போட்டேன்ல."

"யார் கையால?"

"நம்ம வீரமலை டாக்டருதான். உங்ககிட்ட எழுதி வாங்கிட்டு எல்லாரும் அங்கதான போறோம். முதல் வேளை அவரு எடுத்துக் கொடுத்தாப் போதுங்க, மிச்சத்தை வீட்ல போட்டுக்கலாம்." எனக்குத் தெரியாது என்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது.

நெஞ்சுக்குள் நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. இத்தனை மாதமாகக் குணமானது என் படிப்பால் இல்லையாம். என் மருந்துக்கும் அந்தக் கைதான் வேண்டியிருந்ததாம். மூளை இது முட்டாள்தனம் என்றது. வயிறு கேட்கவில்லை, எரிந்தது. பிறகு ஒன்று உறைத்தது. மீறினால் பெயர் திரும்பிச் சேராது. ஒரு போட்டோ போதும். நோயாளிகள் நிற்க, அவர் மருந்து கொடுக்கிற ஒரே ஒரு போட்டோவைக் கவுன்சிலுக்கு அனுப்பினால் அவர் கதை முடிந்தது.

அன்று சாயங்காலம் கிளினிக்கைச் சீக்கிரமே அடைத்துவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். வாழைத்தோப்பை ஒட்டிய வீடு. வாசலில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வீரமலை உட்கார்ந்திருந்தார். எதிரே வரிசை. எல்லோரும் என் பேஷண்ட்டுகள். ஒவ்வொருவரும் மாத்திரை அட்டையை நீட்ட, அவர் ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தார். என்ன நோய் என்றுகூடக் கேட்கவில்லை. நான் வேலிப் பக்கம் நின்று போனை எடுத்து இரண்டு மூன்று படம் எடுத்தேன். படத்தில் நல்லுசாமி தெரிந்தார். உடைந்து ஒட்டிய அதே கையை நீட்டி, தம்பியிடம் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய், "நீங்கதானே இவர் மேல மனுப் போட்டீங்க?" என்றேன்.

"ஆமாங்க. தண்ணித் தகராறு இன்னும் தீரல. அவங்கூடப் பேச்சுவார்த்தையே கிடையாது" என்றார் நல்லுசாமி. "மருந்து வேற, சண்டை வேறங்க." மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

வீரமலை என் கையிலிருந்த போனைப் பார்த்தார். எழுந்து நின்றார். அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அப்போதுதான்.

"எடுத்துட்டீங்களா தம்பி?"

"எடுத்தாச்சு சார்."

"நாடி பாக்கல, சீட்டு எழுதல. வந்து நிக்கிறாங்க, போன்னு வெரட்ட மனசு வரல. இதுவும் தப்புன்னா சொல்லுங்க, நிறுத்திடுறேன். அந்தப் பேரு இல்லாம எனக்கு வேற எதுவும் இல்லீங்க தம்பி." குரல் இறங்கியிருந்தது. வரிசையைப் பார்த்து, "இனிமே யாரும் இங்க வராதீங்க. மாதவன் சார் கொடுத்ததை அப்படியே போட்டுக்கங்க" என்றார்.

"வெறும் மாத்திரைக்கு எதுக்கு மாதவன் சாருகிட்ட போகணும்?" என்றார் கூட்டத்தில் ஒருவர். "அதுக்குப் பெட்டவாய்த்தலை ஆஸ்பத்திரிக்கே போயிக்கலாம்." நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் அத்தனையும் காலியாவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. அவரை முடிக்கலாம். முடித்தால் நானும் பழையபடி நர்ஸோடு டிவி பார்க்க வேண்டியதுதான். அந்தக் கையைக் கரித்துக்கொட்டியபடியே அதன் தயவில் இத்தனை மாதம் நான் டாக்டராக இருந்திருக்கிறேன்.

கூட்டம் சற்று விலகியபோதுதான் கடைசியில் நின்றவளைப் பார்த்தேன். சுபலட்சுமி. ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருக்கிறாள். ஹெல்மெட் முழங்கையில் தொங்கியது. எங்கள் மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நான்தான் மருந்து எழுதியிருந்தேன். அந்த அட்டை அவள் கையில் இருந்தது. இன்னொரு கையில் குழந்தையைப் பிடித்திருந்தாள்.

"நீயுமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க எழுதுனதுதாங்க. பாப்பாவுக்கு இன்னும் இறங்கல" என்றாள்.

மகளின் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. தொட்ட என் கையைப் பார்த்தேன். பதக்கம் வாங்கிய கை. மகள் நெற்றியை அதிலிருந்து விலக்கி அம்மாவின் இடுப்பில் சாய்த்துக்கொண்டாள்.

சுபலட்சுமி அட்டையை நீட்டினாள். வீரமலை வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். ஊர் முழுக்க என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொடுங்க சார்" என்றேன்.