மதகுச் சுவரில் சிவப்புக் கோடு

லைலா யாரையும் லேசில் நம்ப மாட்டாள். வீடு நற்பிட்டிமுனையில். மேற்கே முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் மருதையடி வட்டை என்ற வயல்வெளியில் அவளுக்கு மூன்று ஏக்கர் வயல். வாய்க்காலின் கடைசி வயல் அது. மேலே உள்ளவர்கள் எடுத்த மிச்சத் தண்ணீர்தான் அவள் மதகுக்கு வரும். கணவர் மௌத்தாகிப் பதினொரு வருடம். அந்த மிச்சத்துக்காகச் சண்டை பிடித்தே வேளாண்மை செய்துவந்தாள்.

வாய்க்கால் இரண்டு ஆள் உயரம் சரிந்து விழுகிற இடத்தில் தண்ணீரால் சில்லு என்கிற சக்கரத்தைச் சுழற்றும் சின்ன மின்சார நிலையம் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. விவசாயிகள் கூட்டத்தில் அதை விளக்கியவள் பொறியியலாளர் யதுசா.

"தண்ணி சில்லச் சுத்திட்டுத் திரும்ப இதே வாய்க்காலுக்குத்தான் ராத்தா வரும். ஒரு சொட்டும் குறையாது."

"அப்ப உங்களுக்கு இதால என்ன லாபம்?" என்று லைலா எழுந்து நின்று கேட்டாள்.

"கரண்ட். அரிசி ஆலைக்கும் மருந்துச் சாலைக்கும். டீசல் வரிசையில நிண்டத மறந்திட்டிங்களா?"

"ஒண்டும் எடுக்காம யாரும் ஒண்டும் குடுத்து நான் காணல்ல."

விவசாய சங்கத்தின் உபதலைவர் அப்துல் ஸமட் அதைப் பிடித்துக்கொண்டார். "சரியாச் சொன்னாய் லைலா. தண்ணியத் தேக்கி வெச்சுத்தான் இவங்க சில்லு சுத்துவாங்க. உனக்குச் சேறுதான் வரும்." அவள் காக்கா என்று அண்ணன் முறை சொல்லி அழைக்கும் ஊர்க்காரர் அவர். அவர் சொன்னது அவளுக்குள் ஊறிப்போனது. யதுசாவை அன்று எல்லோர் முன்னாலும் கள்ளி என்று ஏசிவிட்டாள்.

ஆனாலும் நிலையம் எழும்பியது. சில்லு சுற்றத் தொடங்குவதற்கு முதல் நாள், தன் மதகுச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் லைலா சிவப்புப் பெயின்ரால் ஒரு கோடு போட்டாள். பிறகு காலையில் பஸ்ஸால் இறங்கியதும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பாள். இரண்டு மாதம் தண்ணீர் கோட்டை விட்டு அசையவில்லை. 'ஆரம்பத்தில நல்லாத்தான் காட்டுவாங்க' என்று நினைத்துக்கொண்டாள்.

சிறுபோக நெல் கதிர் பொதிந்து குடலைப் பருவத்துக்கு வந்தபோது தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே இறங்கியது. மூன்றாம் நாள் வயலின் மேட்டுப் பக்கம் காய்ந்து வெடித்தது. லைலா வரம்பால் விறுவிறென்று நடந்து நிலையத்துக்குப் போனாள்.

அங்கே சில்லைப் பார்த்துக்கொள்கிறவர் கனகரெத்தினம், காரைதீவுக்காரர். "கதவ மூடித் தேக்கி வெச்சிரிக்கிங்கதானே?" என்று வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள்.

அவர் வாதாடவில்லை. உள்ளே போய்ச் சில்லை நிறுத்தினார். தண்ணீர் பக்கத்து வழியால் பாய்ந்து கீழே விழுந்தது. "கீழ இரிக்கிற அளவுத் தூணப் பாருங்க தங்கச்சி. ஏறுதா, இறங்குதா?"

தண்ணீர் மட்டம் அப்படியே நின்றது.

"தூண நட்டது நீங்கதானே?" என்றவள், ஒரு கம்பை முறித்துத் தானே வாய்க்காலில் ஊன்றினாள். சில்லை ஓட்டச் சொன்னாள், நிறுத்தச் சொன்னாள், மறுபடி ஓட்டச் சொன்னாள். கம்பில் ஈரம் பட்ட இடம் மாறவேயில்லை.

"போன கிழமையும் இதே மட்டம்தான்" என்றார் கனகரெத்தினம். "அப்ப இஞ்சயிருந்து உங்கட மதகுக்கு வாறதுக்குள்ளதான் எங்கயோ தண்ணி போகுது."

அவரையும் அவள் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் இருவரும் வாய்க்கால் கரையால் நடந்தார்கள். பாதி வழியில், நாணல் அடர்ந்த இடத்தில் கரையின் வெளிப்பக்கம் நசநசவென்று கிடந்தது. லைலா நாணலை விலக்கினாள். கரைக்கு அடியால் ஒரு கறுப்பு பைப் போனது. அதன் மறுமுனை அப்துல் ஸமட்டின் வாழைத் தோட்டத்தில் இருந்தது.

அவரும் அங்கேதான் நின்றார். "அது பழைய பைப். வேலை செய்யாது" என்றார்.

பைப்பின் கறுப்பு இன்னும் மங்கக்கூட இல்லை. லைலா அதன் வாயில் கையை வைத்தாள். தண்ணீர் விரல்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. சில்லு ஓடத் தொடங்கிய பிறகு புதைத்த பைப் அது. பழி யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"லைலா, நாம ஒரு ஊர் ஆக்கள்..."

"ஓம் காக்கா. அதாலதான் நீங்க சொன்னத நம்பினன்."

திரும்பி வரும்போது யதுசாவை ஏசியது நினைவுக்கு வந்தது. கோபத்தை விட வெட்கம்தான் அவளுக்குக் கூடுதலாக இருந்தது.

அடுத்த நாளே சங்கத்தார் பைப்பைப் பிடுங்கினார்கள். பயிர் தப்பியது. யதுசாவிடம் மன்னிப்புக் கேட்கப் போன லைலா, அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தாள். தண்ணீர் குறைந்தால் முதலில் வயலுக்கு, பிறகுதான் சில்லுக்கு என்று எழுதித் தரவேண்டும். எழுதி வந்த கடிதத்தை மகள் நப்லாவிடம் கொடுத்து இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

இன்று அரிசி ஆலை கரண்டில் ஓடுகிறது. ஆலைப் பக்கத்திலிருந்து வாய்க்காலுக்கு வடிந்த டீசல் இப்போது இல்லை. கரை அரிக்காமல் இருக்க மருத மரம் நட்டிருக்கிறார்கள். அப்துல் ஸமட்டின் இடத்துக்கு சங்கம் லைலாவைத் தெரிவுசெய்தது.

சில்லுக்கு முன்னால் குப்பையை மறிக்கும் கம்பி வலையைத் துப்புரவாக்குவதற்கு வியாழக்கிழமைகளில் அவளும் போவாள். போன கிழமை வலையில் சிக்கிய பொலித்தீன் பைகளை அள்ளிப்போட்டுவிட்டு, "அண்ணே, இது எல்லாம் ஒரே கடைப் பை போலக் கிடக்கு. எந்தக் கடை?" என்று கேட்டாள்.

"எனக்கு என்னண்டு தெரியும்?" என்றார் கனகரெத்தினம்.

"மெய்தானா?" என்று அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, ஒரு பையை மடித்து எடுத்துக்கொண்டு வாய்க்காலின் மேல்பக்கமாக நடந்தாள்.